நிமிடங்கள் மிச்சம் இருந்தும் டிங் ஏன் அந்த யானையை நகர்த்தினார்?

வாசகர் கேள்வி, 13 டிசம்பர் 2024

உலக செஸ் சாம்பியன் பட்டத்துக்காக நடப்பு சாம்பியன் டிங் லிரனும் நம் குகேஷும் நேற்று சிங்கப்பூரில் ஆடிய 14வது, கடைசி ஆட்டத்தை முழுசாகப் பார்த்தேன். எல்லோரும் "டைம் பிரஷர், டைம் பிரஷர்" என்கிறார்கள். டிங் லிரனின் கடிகாரத்தில் நிமிடங்கள் இருந்தன, ஒவ்வொரு நகர்வுக்கும் 30 நொடி வேறு சேர்ந்துகொண்டிருந்தது. இதில் என்ன நெருக்கடி? 55வது நகர்வில் யானையை (ரூக்) எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுவந்தது சுத்தமான கவனக்குறைவு. கடிகாரத்தின் மேல் பழி போடாதீர்கள்.

13 டிசம்பர் 2024, மாலை

கவனக்குறைவு என்று பெயர் வைத்தால் போதுமா? 54வது நகர்வில் குறையாத கவனம் 55வதில் ஏன் குறைந்தது என்பதுதானே கேள்வி.

நிலையை ஒரு முறை வைத்துப் பாருங்கள். குகேஷுக்கு ஒரு சிப்பாய் அதிகம். ஆளுக்கொரு யானை, ஆளுக்கொரு மந்திரி (பிஷப்), மந்திரிகள் இரண்டுமே வெள்ளைக் கட்டத்தில் ஓடுபவை. டிங் பொறுமையாக யானையை அங்கும் இங்கும் நகர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தால் டிரா. அவருடைய மந்திரி ஏ8 மூலையில் ஒதுங்கி நின்றது. அந்த நேரத்தில் யானையை எஃப்2-ல் வைத்து, வெட்டிக்கொள் என்று நீட்டினார். குகேஷ் வெட்டினார், ராஜா திரும்ப வெட்டியது, உடனே குகேஷின் மந்திரி டி5-க்கு வந்து நின்றது. மூலையில் நிற்கும் மந்திரிக்கு அந்த ஒரே சாய்கோடுதான் வழி, அதன் நடுவில் எதிராளி. மந்திரியும் போயிற்று. மிச்சம் ராஜாவும் சிப்பாய்களும், ஒரு சிப்பாய் அதிகம் உள்ளவனுக்கு ஆட்டம். 58வது நகர்வோடு டிங் கை கொடுத்துவிட்டார்.

யானையை நீட்டும் ஆள் என்ன நினைத்து நீட்டுவான்? யானைகள் போய்விட்டால் தலைவலி போய்விடும் என்றுதான். நான் படிக்கிற விதத்தில் அது டிராவுக்கான நகர்வுகூட இல்லை, யோசிப்பதை நிறுத்துவதற்கான நகர்வு. மூன்று வாரமாக நடக்கும் போட்டி, 6.5-6.5 சமநிலை, பல மணி நேர ஆட்டம், எதிரே 18 வயதுப் பையன் எழுந்திருக்கிற எண்ணமே இல்லாமல் உட்கார்ந்திருக்கிறான். இதில் டிங்கை அழுத்தியது கடிகாரத்தில் தெரிந்த எண்ணிக்கை மட்டும் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் நேரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதையும் ஏற்க மாட்டேன்.

13 டிசம்பர் 2024, இரவு

மேலே எழுதியதோடு ஒன்று சேர்க்க மறந்துவிட்டேன். ஆட்டத்துக்குப் பிறகு குகேஷ் சொன்னதைக் கேட்டீர்களா? அந்த யானை வந்ததும் அவருக்கும் உடனே தெரியவில்லை, வேறொரு யானை நகர்வைச் செய்யவே போயிருக்கிறார். அப்புறம்தான் மந்திரி மாட்டுவது கண்ணில் பட்டது. அதாவது ஒரே பொறியை இரண்டு பேருமே முதல் பார்வையில் பார்க்கவில்லை. ஒருவருக்கு இரண்டாவது பார்வை கிடைத்தது, இன்னொருவர் அதற்கு முன்பே கடிகாரத்தை அழுத்திவிட்டார். குகேஷின் கடிகாரத்தில் அப்போது டிங்கைவிட நிறைய நேரம் இருந்தது.

14 டிசம்பர் 2024

"அப்படியென்றால் நெருக்கடியான ஆட்டம் எது?" என்று கேட்டிருக்கிறீர்கள். அதே போட்டியின் 3வது ஆட்டம். பலர் அதை மறந்தேபோய்விட்டார்கள்.

இந்தப் போட்டியின் நேரக் கணக்கு கொஞ்சம் பழைய பாணி. முதல் 40 நகர்வுக்கு 120 நிமிடம், அதற்குள் ஒரு நொடிகூடச் சேராது. 41வது நகர்விலிருந்துதான் 30 நிமிடமும், நகர்வுக்கு 30 நொடியும். 3வது ஆட்டத்தில் டிங்குக்கு 37வது நகர்வில் நேரம் தீர்ந்து போனது. நிலையும் ஏற்கெனவே தோற்ற நிலைதான், அவர் மந்திரி ஒன்று எதிரியின் பகுதியில் போய் மாட்டிக்கொண்டது. ஆனாலும் உலக சாம்பியன் ஒருவர் உலக சாம்பியன் போட்டியில் நேரம் தீர்ந்து தோற்பது அடிக்கடி பார்க்கிற காட்சியா?

11வது ஆட்டமும் அப்படித்தான். தொடக்கத்திலேயே இரண்டு பேரும் நேரத்தைக் கொட்டினார்கள், குகேஷ் 11வது நகர்வுக்கு மட்டும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் எடுத்தார். கடைசியில் 28வது நகர்வில் டிங் ராணியை சி8-க்குப் பின்வாங்கினார், குகேஷின் ராணி சி6-ல் வெட்டியதும் ஆட்டம் முடிந்தது. 28வது நகர்வின் தவறுக்கான விதை ஐந்தாவது, ஆறாவது நகர்விலேயே போடப்பட்டுவிட்டது. நேர நெருக்கடி என்றதும் நாம் கடைசி அரை நிமிடத்தையே பார்க்கிறோம், அந்த நேரம் எங்கே கரைந்தது என்பதைப் பார்ப்பதில்லை.

14 டிசம்பர் 2024, பத்து நிமிடம் கழித்து

"குகேஷ் ஒரு மணி நேரம் எடுத்தால் ஆழ்ந்த சிந்தனை, டிங் எடுத்தால் நெருக்கடியா?" என்று ஒருவர் நக்கல் அடித்திருக்கிறார். நியாயமான நக்கல். ஜெயித்தவன் எடுத்த நேரத்துக்கு நாம் கணக்குக் கேட்பதில்லை.

16 டிசம்பர் 2024

சரி, நானே என் வாதத்துக்கு எதிராக ஒரு ஆட்டத்தை எடுத்துப் போடுகிறேன்.

2023 ஏப்ரல் 30, அஸ்தானா. இதே பட்டத்துக்காக ரஷ்யாவின் நெபோம்னியாச்சியுடன் டிங் மோதிய போட்டி, 14 ஆட்டம் முடிந்தும் 7-7 சமநிலை. வென்றவரைத் தீர்மானிக்க வேக ஆட்டங்கள் (ரேபிட் டைபிரேக்), 25 நிமிடம், நகர்வுக்கு 10 நொடி. அதிலும் முதல் மூன்று டிரா. நான்காவதில் டிங்கின் கடிகாரத்தில் இரண்டு நிமிடம்கூட இல்லை. நெபோ தொடர்ந்து செக் வைத்து டிரா எடுக்கக்கூடிய நிலை. அந்த இடத்தில் யாராயிருந்தாலும் ராஜாவை அங்கும் இங்கும் நகர்த்தி டிராவுக்குச் சம்மதித்து, இன்னும் வேகமான சில நிமிட ஆட்டமான பிளிட்ஸுக்குப் போயிருப்பார்கள். டிங் என்ன செய்தார்? யானையை ஜி6-ல் கொண்டுவந்து குறுக்கே வைத்தார். அந்த யானை தன் ராஜாவுக்கு முன்னால் அசைய முடியாமல் கட்டுண்டு நிற்கும் என்று தெரிந்தே வைத்தார். அந்த ஒரு நகர்வு அவரை உலக சாம்பியன் ஆக்கியது.

மனிதர் ஒருவர்தான். கையில் நேரம் குறைவாக இருந்த நாளில் துணிச்சல், கூடுதலாக இருந்த நாளில் சறுக்கல். நேரம் குறைந்தால் மூளை மழுங்கும் என்ற எளிய கணக்கு இங்கே உதவாது. அன்றைக்கு ஆட்டம் தொடர வேண்டும் என்று விரும்பினார். சிங்கப்பூரில் முடிந்தால் போதும் என்று விரும்பினார். எனக்குத் தெரிந்தவரை நெருக்கடி ஆளை முட்டாளாக்குவதில்லை, அவன் ஏற்கெனவே எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறானோ அந்தப் பக்கம் தள்ளிவிடுகிறது.

19 டிசம்பர் 2024

உலக சாம்பியன்களை விடுங்கள், நம் மாதிரி ஆட்கள் கதைக்கு வருவோம். நான் வார இறுதி ரேட்டிங் போட்டிகளில் ஆடுகிறவன், 90 நிமிடமும் நகர்வுக்கு 30 நொடியும். என் ரேட்டிங்கைக் கேட்காதீர்கள், எட்டு வயதுக் குழந்தைகளிடம் தோற்றுவிட்டு வெளியே வந்து அவர்களுடைய அப்பாக்களோடு டீ குடிக்கிற ரகம்.

போட்டிகளில் வைக்கும் டிஜிடி என்ற டிஜிட்டல் கடிகாரத்தில் ஒரு விஷயம் உண்டு. 20 நிமிடத்துக்கு மேலே இருக்கிற வரை மணியும் நிமிடமும்தான் காட்டும், எண் அசையாமல் நிற்கும். அதற்குக் கீழே இறங்கியதும் நொடிகள் தெரிய ஆரம்பிக்கும். 20 நிமிடம் என்பது சாதாரண நிலையில் தாராளமான நேரம். ஆனால் அந்த நொடி ஓட ஆரம்பித்ததும் கண் பலகையை விட்டுவிட்டு அங்கே போகும். 19:40, 19:39 என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். நேரம் இருக்கும்போதே நேரம் இல்லாதவன் மாதிரி ஆட ஆரம்பித்துவிடுவேன். உண்மையிலேயே நேரம் தீர்வதற்குள் நானே அதைத் தீர்த்துவிடுகிறேன்.

நகர்வுகளை எழுதும் தாளான ஸ்கோர் ஷீட்டைப் பார்த்தாலும் தெரியும். முதல் பக்கத்தில் எழுத்து முத்து முத்தாக இருக்கும். 25, 26வது நகர்வில் சாயும். 35-ல் எஃப் எது, ஈ எது என்று எனக்கே தெரியாது. என் பழைய ஷீட்டுகளை எடுத்து வைத்துப் பார்த்தபோது தோன்றியது: பெரிய தவறுகள் எழுத்து கோணலான இடத்தில் நிறைய இல்லை, எழுத்து சாயத் தொடங்கும் இடத்தில்தான் அதிகம். கடைசி நிமிடத்தில் பழக்கத்தில் ஏதோ ஆடி ஓட்டிவிடுகிறோம். பத்துப் பதினைந்து நிமிடம் இருக்கும்போதுதான், "யோசிக்க நேரம் இருக்கிறதா இல்லையா" என்பதை யோசித்தே பாதி நேரம் போகிறது.

20 டிசம்பர் 2024

எழுத்து முத்து முத்தாக இருந்ததா என்று ஷீட்டைப் படம் எடுத்துப் போடச் சொல்கிறார்கள். மாட்டேன். அதில் நகர்வுகளும் இருக்கின்றன.

22 டிசம்பர் 2024

ஒரு நண்பர் 2014ல் சோச்சியில் நடந்த உலக சாம்பியன் போட்டியை ஞாபகப்படுத்தினார். ஆனந்த், கார்ல்சன், 6வது ஆட்டம், அப்போது போட்டி 2.5-2.5. கார்ல்சன் 26வது நகர்வில் ராஜாவை டி2-க்கு நகர்த்தினார், பயங்கரமான தவறு. ஆனந்த் குதிரையால் ஈ5 சிப்பாயை வெட்டியிருந்தால் இரண்டு சிப்பாய் லாபம், ஆட்டமே தலைகீழ். ஆனால் ஒரு நிமிடம்போல யோசித்துவிட்டு ஏ சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார். கார்ல்சன் தலையைக் கையில் வைத்துக்கொண்டு நிம்மதிப் பெருமூச்சு விட்டார், அப்புறம் ஜெயித்தும் விட்டார். இரண்டு பேருக்கும் அப்போது நேரப் பஞ்சமே இல்லை. "இதற்கு என்ன சொல்கிறாய்?" என்பது நண்பரின் கேள்வி.

நேரம் இருப்பதும் நேரத்தைப் பயன்படுத்துவதும் வேறு வேறு என்பதைத் தவிர என்ன சொல்ல? பரிசு வரும் என்று எதிர்பார்க்காதபோது அதை எடுக்காமல் விட்டுவிடுகிறோம் என்கிற பொருளில் ஆனந்தே பிறகு சொன்னார். எதிரி ஒழுங்காகத்தான் ஆடுவான் என்று மனதில் முடிவு செய்துவிட்டால், கையில் ஒரு மணி நேரம் இருந்தும் பயனில்லை.

இதைச் சொல்லும்போது எனக்குள் இன்னொரு சந்தேகமும் வருகிறது. ஆனந்த் சின்ன வயதிலிருந்தே வேகத்துக்குப் பேர் போனவர். சென்னையில் சோவியத் கலாசார மையத்தில் இருந்த தால் செஸ் கிளப்பில் பிளிட்ஸ் ஆடி வளர்ந்தவர். தோற்றவன் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும், ஜெயித்தவன் உட்கார்ந்தபடியே அடுத்தவனோடு ஆடுவான். அங்கே யோசித்துக்கொண்டு உட்கார்ந்தால் சனியன் பிடித்தது மாதிரி வரிசையில்தான் நிற்க வேண்டும். அந்தக் கையின் வேகம்தான் அவரை உலகத்துக்குக் காட்டியது. சோச்சியில் அதே வேகம் அவரைக் கவிழ்த்ததா? அப்படிச் சொல்ல ஆசையாக இருக்கிறது, ஆனால் ஒரு நகர்வை வைத்து ஐந்து முறை உலக சாம்பியனானவரைப் பற்றித் தீர்ப்பு எழுதுவது கொஞ்சம் ஓவர்.

23 டிசம்பர் 2024

ரஷ்ய ஆட்டக்காரர் கிரிஷுக்கைப் பற்றி யாருமே பேசவில்லையே! எந்தப் போட்டியில் பார்த்தாலும் 40வது நகர்வு வருவதற்குள் நொடிகளில் தொங்கிக்கொண்டிருக்கும் ஆள். அவர்தான் 2006, 2012, 2015 என்று மூன்று முறை உலக பிளிட்ஸ் சாம்பியன். மெதுவாக யோசிப்பவனுக்குத்தான் நேரம் பற்றாமல் போகும் என்று நினைக்கிறவர்கள் இதற்கு ஒரு பதில் சொல்லுங்கள். அவருக்கு வேகம் இல்லாமல் இல்லை. வேகம் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் முதல் மூன்று மணி நேரத்தைச் செலவழிக்கிறார் என்பது என் கட்சி.

1988ல் கால்டர்வுட், க்ளைன், கிராண்டல் என்ற மூன்று ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். மாஸ்டர்களையும் சுமாரான ஆட்டக்காரர்களையும் சாதாரண வேகத்திலும் பிளிட்ஸிலும் ஆடவைத்து நகர்வுகளின் தரத்தை மதிப்பிட்டார்கள். பிளிட்ஸில் மாஸ்டர்களின் தரம் கொஞ்சம்தான் இறங்கியது, மற்றவர்களுடையது சரிந்தது. மாஸ்டருக்கு நல்ல நகர்வு முதல் பார்வையிலேயே வந்துவிடுகிறது, மிச்ச நேரம் அதைச் சரிபார்க்க. நமக்கு முதல் பார்வையில் வருவது குப்பை, அதைத் தூக்கிப் போடத்தான் நேரம் தேவை. அதனால் "பெரிய ஆட்டக்காரர்களே பிளிட்ஸ் ஆடுகிறார்கள்" என்று சொல்லிக்கொண்டு ராத்திரி முழுக்க போனில் மூன்று நிமிட ஆட்டம் ஆடுகிறவர்கள், நானும் சேர்த்து, கொஞ்சம் கவனிக்கலாம்.

4 ஜனவரி 2025

30 நொடி சேர்ப்பது எப்போது வந்தது என்று ஒரு பள்ளி மாணவர் கேட்டிருந்தார். முன்னாள் உலக சாம்பியன் பாபி ஃபிஷர் யோசனை. 1988ல் விண்ணப்பித்து 1989ல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார், 1992ல் தன் பழைய எதிராளி ஸ்பாஸ்கியோடு மீண்டும் மோதியபோது அந்தக் கடிகாரத்தில்தான் ஆடினார்கள். அதற்கு முன்பு முள் கடிகாரம், சின்னச் சிவப்புக் கொடியை நிமிட முள் மெல்லத் தூக்கும், நேரம் தீர்ந்ததும் அது கீழே விழும். விழுந்ததா இல்லையா என்று ஆர்பிட்டரோடு (நடுவரோடு) சண்டை நடக்கும். இப்போது சண்டைக்கு இடமில்லை, பூஜ்யம் தெளிவாகத் தெரியும்.

5 ஜனவரி 2025

தமிழ்நாட்டில் நடந்ததையே விட்டுவிட்டோம் என்று ஒருவர் திட்டியிருக்கிறார். திட்டுவது சரிதான். 2022 ஆகஸ்ட் 8, மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாட், 10வது சுற்று. இந்தியா 'பி' அணியும் உஸ்பெகிஸ்தானும். குகேஷுக்கு 16 வயது, முதல் எட்டு ஆட்டமும் ஜெயித்து வந்தவர். எதிரே அப்துசத்தோரோவ். குகேஷ் ஜெயிக்க வேண்டிய நிலை. டிரா வேண்டாம் என்று இழுத்துக்கொண்டே போய், நேரம் நொடிகளுக்கு வந்து, குதிரையைக் கோட்டைவிட்டுத் தோற்றார். அந்தச் சுற்று 2-2 ஆனது, தங்கம் உஸ்பெகிஸ்தானுக்குப் போனது, நம் பையன்களுக்கு வெண்கலம். முதல் பலகையின் தனிநபர் தங்கம் குகேஷுக்குத்தான், ஆனால் அந்த ஆட்டம் முடிந்து நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்த பையனின் முகம் அதையெல்லாம் மறக்கடித்துவிட்டது.

இது நான் சொன்னதற்கு மறுபக்கம். டிங் முடிந்தால் போதும் என்று சறுக்கினார் என்றால் இவர் முடிக்க மாட்டேன் என்று சறுக்கினார். டிசம்பர் 16 அன்று எழுதிய "தொடர விரும்பினால் துணிச்சல்" என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது போலிருக்கிறது. சாய்வு எந்தப் பக்கமாக இருந்தாலும் தள்ளிவிடும் என்ற பாதி மட்டும் நிற்கிறது. ஒன்று கவனியுங்கள், சிங்கப்பூரிலும் அவர் அதே மாதிரிதான் விடாமல் உட்கார்ந்திருந்தார், குணத்தை மாற்றிக்கொள்ளவில்லை. கடிகாரத்தில் மிச்சம் வைத்துக்கொண்டு அதைச் செய்தார்.

7 ஜூன் 2025

இந்த இழையைத் தூசு தட்ட வேண்டியதாகிவிட்டது. ஸ்டாவஞ்சரில் நார்வே செஸ் நேற்று முடிந்தது. ஜூன் 1 அன்று கார்ல்சன் குகேஷை நசுக்கிக்கொண்டிருந்தார், நல்ல வெற்றி நிலை. நேரம் குறைந்தது, 52வது நகர்வில் குதிரையை ஈ2-வில் வைத்து செக் கொடுத்தார், ஆட்டம் கவிழ்ந்தது. மேசையை ஓங்கிக் குத்தியதை உலகமே பார்த்தது. அங்கே 40 நகர்வு வரை எதுவும் சேராது, அப்புறமும் வெறும் 10 நொடிதான். 10 நொடி என்பது ஒரு குதிரை எங்கே போகலாம் என்று பார்க்கப் போதும், அது போனபின் எதிரி என்ன செய்வான் என்று பார்க்கப் போதாது.

நேற்று கடைசிச் சுற்றில் அதே மருந்து குகேஷுக்கு. அமெரிக்காவின் கருவானாவோடு கடைசி நொடிகளில் தவறிவிட்டார், தலையைக் கையில் புதைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பட்டம் கார்ல்சனுக்கு. ஐந்து நாள் இடைவெளியில் உலகின் நம்பர் ஒன்னும் உலக சாம்பியனும் ஒரே பள்ளத்தில். முதலில் கேள்வி கேட்டவர் இதையும் கவனக்குறைவு என்பாரா என்று தெரிந்துகொள்ள ஆசை.

8 ஜூன் 2025

பதில் போட்டிருக்கிறார்: "நார்வே நெருக்கடி, சிங்கப்பூர் கவனக்குறைவு. என் கருத்தில் மாற்றமில்லை." சரி, பாதி தூரம் வந்தாரே.

9 ஜூன் 2025

ஒரு அப்பா எழுதியிருக்கிறார். மகனுக்கு 11 வயது, எல்லா ஆட்டத்திலும் 30வது நகர்வில் நேரம் தீர்ந்து அழுகை. கோச் "வேகமாக ஆடு" என்கிறாராம்.

ஐயா, வேகமாக ஆடு என்றால் அவன் 30வது நகர்வுக்குப் பிறகு வேகமாக ஆடுவான், அதை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறான். ஸ்கோர் ஷீட்டில் ஒவ்வொரு நகர்வுக்கும் பக்கத்தில் கடிகாரத்தில் மிச்சமுள்ள நிமிடத்தை எழுதச் சொல்லுங்கள். விதிகளில் அதற்கு அனுமதி உண்டு. ஒரு போட்டி முடிந்து வீட்டுக்கு வந்ததும் காய்களைத் தொடாமல் அந்த எண்களை மட்டும் பாருங்கள். பெரும்பாலும் எட்டாவது நகர்வுக்கும் பதினைந்தாவது நகர்வுக்கும் நடுவில் ஒரே நகர்வில் இருபது நிமிடம் விழுந்திருக்கும், அதுவும் எதை ஆடலாம் என்று யோசித்த இரண்டு நகர்வுமே நன்றாக இருந்த இடத்தில். பழைய சோவியத் உலக சாம்பியன் போட்வின்னிக் தன் காலத்தில் இதற்கென்றே பயிற்சி ஆட்டங்கள் ஆடச் சொன்னார்: ஜெயிப்பதா தோற்பதா என்று பார்க்காமல், கடிகாரத்தில் மட்டும் கண் வைத்து ஆடுவது.

30 நொடி சேரும் போட்டியில் கடைசி வரை நகர்வுகளை எழுதியே ஆக வேண்டும் என்பதையும் பையனுக்குச் சொல்லிவைக்கவும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் எழுத வேண்டாம் என்ற சலுகை 30 நொடி சேராத ஆட்டத்துக்கு மட்டும்தான். இது தெரியாமல் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஆர்பிட்டரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளும் குழந்தைகள் எல்லாப் போட்டியிலும் இருக்கிறார்கள். இன்னொன்று, காயை நகர்த்திய கையாலேயே கடிகாரத்தை அழுத்த வேண்டும். நேரம் குறைந்ததும் குழந்தைகள் இடது கையைக் கடிகாரத்தின் மேலேயே வைத்துக்கொள்கிறார்கள், அதற்கும் எச்சரிக்கை உண்டு.

எண்கள் எழுதிய ஷீட் ஒன்றிரண்டு சேர்ந்ததும் இங்கே போடுங்கள், இருபது நிமிடம் எங்கே விழுந்தது என்று எல்லோருமாகத் தேடலாம். நகர்வுகளை யாரும் கிண்டல் செய்ய மாட்டோம்.